ஒரே வாசகமுள்ள மனுக்கள்

என் அண்ணி எந்தக் காகிதத்தையும் ஒற்றையாக விட்டுவைக்கமாட்டாள். வீட்டுச் சாமான் பட்டியலுக்குக்கூட இரண்டு பிரதி உண்டு. ஒன்று அவள் பையில், ஒன்று என் கையில். இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

கடை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது. தகரக் கூரை போட்ட பதினான்கு கடைகளின் வரிசையில் மூன்றாவது. முன்னால் மேசை, அதற்குப் பின்னால் அண்ணி. அவளுக்கும் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருக்கும் மெஷினில் என் அண்ணன். வருகிறவர்கள் அண்ணியிடம் பேசுவார்கள், அண்ணி தலையைத் திருப்பாமல் எண்ணிக்கையைச் சொல்வாள், அண்ணன் எடுத்துக் கொடுப்பான். அவனுக்கு வாய் என்று ஒன்று இருப்பது சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிழைப்பு முழுவதையும் அண்ணியே பார்த்துக்கொண்டாள்.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். நகராட்சியில் திட்டப் பிரிவில் எழுத்தர் வேலை. புறநகரில் எதை இடித்தாலும் எதைக் கட்டினாலும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்ட கருத்தெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். உறையைப் பிரிப்பது, எண் போடுவது, தட்டச்சு செய்வது என் வேலை. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். கருத்துப் படிவம் படிக்கிறவளுக்கு அது ஆகாத குணம்.

அந்த வருடத் தொடக்கத்தில் மறுமேம்பாட்டுத் திட்டம் வந்தது. பதினான்கு கடைகளையும் இடித்துவிட்டு ஐந்து மாடிக் கட்டடம். கீழே கடைகள், முதல் மாடியில் மருத்துவ நிலையம், அதற்கு மேல் குடியிருப்பு. இப்போது கடை வைத்திருப்பவர்கள் இரண்டு வருடம் பொறுத்திருந்து புதுக் கட்டடத்தில் ஒரு கடை வாங்கிக்கொள்ளலாம், அல்லது இழப்பீடு வாங்கிக்கொண்டு விலகிவிடலாம். கருத்துச் சொல்ல அறுபது நாள். நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக் கட்டடம் ஒன்றை வைத்திருந்தார்கள். அண்ணி போய்ப் பார்த்தாள். அவள் கடை இருக்கும் இடத்தில் கட்டை விரல் உயரத்துக்கு ஒரு பச்சை மரம் நின்றது.

“என் கல்லாப்பெட்டி மேல மரத்தை நட்டு வச்சிருக்காங்க” என்றாள் சாப்பிடும்போது. “இரண்டு வருஷம் கடை இல்லாம இருந்தா, வர்ற ஆளுங்க வேற கடைக்குப் பழகிடுவாங்க. அப்புறம் கண்ணாடிக் கதவு போட்ட கடை இருந்து என்ன பிரயோஜனம்?”

அது நியாயமான பயம். ஜெராக்ஸ் கடைக்கு யாரும் பாசத்தால் வருவதில்லை, பக்கத்தில் இருப்பதால் வருகிறார்கள். கடை போனால் அண்ணிக்கு எல்லாம் போன மாதிரிதான். தெரு முழுக்க அவளைத் ‘தலைவி’ என்று கூப்பிடுவது அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால்தான்.

அண்ணன் கடை அந்த வரிசையில் இருப்பதை நான் முதல் நாளே திட்ட அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு காகிதத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். எந்தக் கருத்தையும் ஆதரவு, எதிர்ப்பு என்று நான் தரம் பிரிக்கக் கூடாது. படிவத்தின் அடியில் இருக்கும் பெயர்ச் சீட்டைப் பக்கத்து மேசைக்காரர் கிழித்துத் தனி உறையில் போட்டுவிட்டு மீதியைத்தான் என்னிடம் தருவார். வந்த கருத்தைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. நான் சம்மதித்தேன்.

அண்ணி போராட்டத்தைத் தொடங்கினாள். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூட்டம் போட்டாள். ஒரு கடிதம் எழுதினாள். மூன்று முறை திருத்தினாள். நான்கு பத்தி, ஒரு எழுத்துப் பிழை இல்லை. நல்ல கடிதம்தான், நானே ஒத்துக்கொள்கிறேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் தன் கடைக்கு மேற்குப் பக்கம் வெளிச்சம் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அண்ணி மறுத்துவிட்டாள். அவர் விடாமல் தன் பிரதியின் ஓரத்தில் அதைப் பேனாவால் எழுதிவிட்டார். அண்ணி வெள்ளை மை தடவி அதை மறைத்தாள்.

“ஆளுக்கொரு வார்த்தை போட்டா பல்லுபோன சீப்பு மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் பலம்” என்றாள்.

மூன்று வாரம் மெஷின் ஓடியது. நான் மாடியேறும்போதும் இறங்கும்போதும் அண்ணி வீடு வீடாகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் என்ன கடிதம் கொடுக்கிறாள், எப்படிக் கொடுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கருத்துச் சொல்வதற்கான விதிகள் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அண்ணி பிடித்த முயலுக்கு மூன்றே கால், அவளோடு யார் மல்லுக்கட்டுவது என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஐம்பத்தாறாம் நாள் காலையில் அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் நாடா கட்டிய மூன்று கட்டுகள். முந்நூற்று எழுபத்திரண்டு கையெழுத்து. நான் மேல் கடிதத்தைப் பார்த்தேன். அடுத்ததைப் பார்த்தேன். நடுவிலிருந்து ஒன்றை உருவினேன். அத்தனையும் ஈயடிச்சான் காப்பி. ஐந்தாவது வரியில் மெஷினின் கண்ணாடியில் இருந்த கீறல்கூட எல்லாவற்றிலும் அதே இடத்தில் விழுந்திருந்தது.

கருத்துப் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி ஏழாவது விதிமேல் விரலை வைத்தேன். ஒரே வாசகமுள்ள மனுக்கள் எத்தனை வந்தாலும் ஒரு கருத்தாகவே கொள்ளப்படும்.

அண்ணி படித்தாள். மறுபடியும் படித்தாள்.

“அப்ப இந்த முந்நூத்தி எழுபத்திரண்டு பேரும்?”

“ஒண்ணு, அண்ணி.”

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். திட்ட அதிகாரி உள்ளேயிருந்து வந்து பொறுமையாக விளக்கினார். நாங்கள் தலைகளை எண்ணுவதில்லை, காரணங்களை எண்ணுகிறோம் என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக அண்ணி அந்தக் கட்டுகளைப் பார்த்தபடி நின்றாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. இன்னும் நான்கு நாள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். படிவத்தை நகல் எடுக்கலாமா என்று கேட்டாள். படிவத்தை எடுக்கலாம், கருத்தைத்தான் எடுக்கக் கூடாது என்றார் அதிகாரி.

அந்த நான்கு நாளும் கடை வாசல் பரீட்சைக் கூடம் மாதிரி இருந்தது. பெஞ்சில், மேசை ஓரத்தில், தையல் மெஷின் பலகையில் என்று ஆட்கள் உட்கார்ந்து எழுதினார்கள். பக்கத்து ஆளைப் பார்த்து எழுதக் கூடாது என்று அண்ணி அவர்கள் நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். போன வாரம் வரை ஒரு கமாவைக் கூட மாற்ற விடாதவள், இப்போது “உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் நாள் சாயங்காலம் அண்ணன் கையிலும் ஒரு படிவத்தைத் திணித்தாள். சும்மா நாலு வரி எழுதினால் போதும் என்றாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

முந்நூற்று முப்பது படிவம் வந்து சேர்ந்தது. நான் பிரித்து, எண் போட்டு, தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. கடிதத்தில் ஒன்றாக இருந்தவர்கள் சொந்தக் கையில் எழுதும்போது ஒன்றாக இல்லை. ஒருவருக்கு ஒழுகாத கூரை வேண்டும். ஒருத்திக்கு மருத்துவ நிலையம் சீக்கிரம் வர வேண்டும், படுத்திருக்கும் அம்மாவை இரண்டு பேருந்து மாற்றிக் கூட்டிப்போக முடியவில்லை. மேற்குப் பக்க வெளிச்சம் இந்த முறை முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. கழிவறை கட்டுவதாக இருந்தால் எதை வேண்டுமானாலும் இடியுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர், முன்பு கடிதத்தில் கையெழுத்துப் போட்டது ஜெராக்ஸ்காரம்மாவுக்குப் பயந்துதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கடையை விடவே மாட்டோம் என்று உறுதியாக எழுதியவர்களும் நிறைய இருந்தார்கள்.

இருநூற்றுப் பதினான்காவது படிவத்தில் பெயர்ச் சீட்டு இல்லை, கிழித்தாகிவிட்டது. ஆனால் கையெழுத்து எனக்குத் தெரியும். எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்திருக்கும். என் பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் என் பெயரை எழுதிக்கொடுத்த கை அது.

‘உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதனால் யோசிக்க இரண்டு நாள் ஆனது. எனக்கு இந்தக் கடை வேண்டாம். புதுக் கட்டடம் வந்தாலும் வராவிட்டாலும் வேண்டாம். இருபத்திரண்டு வருடமாகச் சுவரைப் பார்த்து நிற்கிறேன். மூடியைத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை. ஊரில் உள்ளவர்களின் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பிரதி எடுத்திருக்கிறேன். கடையை விட்டால் என்ன செய்வேன் என்று தெரியாது. தெரியாமல் இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது. எதிர்ப்புக் கடிதத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. அது என் மனைவிக்காகப் போட்டது. அவளுக்குக் கடை வேண்டும். அவளிடமிருந்து கடையை எடுத்துவிடாதீர்கள். என்னை மட்டும் விட்டுவிடுங்கள்.’

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வாயில் கொழுக்கட்டையா இருந்தது இத்தனை வருடம் என்று அவன்மேல். பிறகு அண்ணிமேல். பிறகு கோபம் திரும்பி என்மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. தினமும் இரண்டு வேளை அவனோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவள் நான். ஊர் முழுக்கக் கருத்துக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள். அவன் இடது கையால் தண்ணீர் ஊற்றுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை.

ஓர் எழுத்தும் மாற்றாமல் தட்டச்சு செய்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து இருநூற்றுப் பதினைந்தை எடுத்தேன்.

அடுத்த மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி தினமும் எத்தனை ஆச்சு, எப்படி இருக்கு என்று கேட்பாள். சொல்லக் கூடாது அண்ணி என்பேன். பெரிய ரகசியம், நாத்தனார் வேலையைக் காட்டுகிறாள் என்று கேலி செய்வாள். அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நான் அவனைப் பார்ப்பதை அவன் கவனித்தானா என்று தெரியாது. நேருக்கு நேர் கேட்டால் அவன் எழுதியதை நான் படித்தேன் என்று ஆகிவிடும். அதனால் நானும் தட்டையே பார்த்தேன்.

கருத்துத் தொகுப்பு புத்தகமாக வந்தது. பெயர் இருக்காது, எண்ணும் வாசகமும் மட்டும். எல்லாக் கருத்தும் இப்படி வெளியிடப்படும் என்பது படிவத்தின் பின்பக்கத்தில் ஒன்பதாவது விதி. எங்கள் வீட்டில் படிவத்தின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் என்னைத் தவிர யாருக்கும் இல்லை. அலுவலகம் மூன்று பிரதிதான் போட்டது. பொது விசாரணைக்கு முன்னால் படிக்க ஆளாளுக்கு ஆசைப்பட்டார்கள். நூலகர் ஒரு மணி நேரத்துக்கு வெளியே கொடுக்க ஒத்துக்கொண்டார். கொடுத்தால் அது வேறு எங்கே போகும்?

புத்தகம் அண்ணி கடைக்குத்தான் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தபோது மதியமாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு ஓடினேன். அண்ணன் மெஷினில் நின்றுகொண்டிருந்தான். நாற்பது பிரதி கேட்டிருந்தார்களாம். எடுத்து முடித்த பக்கங்கள் மேசைமேல் அடுக்கடுக்காக இருந்தன. அவன் எழுதியது இருந்த முப்பத்தோராம் பக்கமும் அங்கே இருந்தது, நாற்பதும் சரியாக. தன் வார்த்தைகள் அச்சில் ஏறிக் கண்ணாடிமேல் கிடந்ததை அவன் பார்த்திருப்பான். அந்த ஒரு பக்கத்தை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் விடவில்லை.

அண்ணி பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டே வேடிக்கையானவற்றை எனக்குப் படித்துக் காட்டினாள். தனக்குப் பயந்து கையெழுத்துப் போட்ட ஆள் யார் என்று எழுத்து நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள், அவளே சிரித்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

“இதைக் கேளேன். ‘இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதனால் யோசிக்க இரண்டு நாள் ஆனது.’ யாரு இது, பாவம்.”

அதற்கு மேல் அவள் சத்தமாகப் படிக்கவில்லை. கண் மட்டும் கீழே இறங்கியது. கடைசி வரி வரைக்கும் போய் மேலே திரும்பி வந்தது. பின்னால் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

அவள் எழுந்து அண்ணனிடம் போனாள். அவன் தோளைத் தொடப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

“நகருங்க. மிச்சத்தை நான் எடுக்கிறேன்.”

அவன் நகர்ந்தான். மேசைக்குப் பின்னால் அவள் இடத்தில் வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஒவ்வொரு பக்கமாக மூடியைத் தூக்கி வைத்தாள். நான்கைந்து பக்கத்துக்குப் பிறகு இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அவளுக்கும் வலித்திருக்க வேண்டும்.

விசாரணைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மருந்துக் கடையிலிருந்து ஒரு தைலப் புட்டி வந்து சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்கு அளவெடுத்து எழுதி வைத்திருந்த தன் உரையை அண்ணி என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. விசாரணை நாளன்று அவள் கையில் காகிதம் இல்லை. அவளைக் காகிதம் இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நகராட்சிக் கூடம் நிரம்பியிருந்தது. மேடையில் தலைவர், பக்கத்தில் திட்ட அதிகாரி, ஓரத்தில் குறிப்பெடுக்க நான். முதல் பேச்சு அண்ணியுடையது. அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். தையல்காரர் கைதட்டத் தயாராகக் கையை உயர்த்தி வைத்திருந்தார்.

“முதல்ல நான் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன்” என்றாள் அண்ணி. “முந்நூத்தி எழுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டாங்க. ஆனா அதுல பேசினது நான் ஒருத்திதான். நீங்க ஒண்ணுன்னு எண்ணினப்ப எனக்கு ஆத்திரமா இருந்துச்சு. சரியாத்தான் எண்ணியிருக்கீங்க.”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அவள் அது அடங்கும் வரை நின்றாள். தனக்குக் கடை வேண்டும் என்றாள். கட்டடம் எழும் இரண்டு வருடமும் பேருந்து நிலையத்துக்குள்ளேயே ஒரு தற்காலிக இடம் வேண்டும், பதினான்கு பேரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் வேண்டும், அதைத் திட்டத்தில் எழுத்தில் சேர்க்க வேண்டும் என்றாள். அதிகாரி குறித்துக்கொண்டார். அவள் அதோடு உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“இன்னொண்ணு. இருநூத்திப் பதினாலாவது கருத்து என் வீட்டுக்காரர் எழுதினது.”

பெயர்கள் வெளியிடப்படுவதில்லை, சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்றார் தலைவர்.

“தெரியுங்க. ஆனா நான் சொல்லணும். அவருக்குக் கடை வேணாம். ஒரே வீடு, ஒரே கடை, ஒரே விலாசம்னு எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டுடாதீங்க. இத்தனை வருஷமா நான் அப்படித்தான் போட்டேன். நீங்க ரெண்டா எண்ணிக்குங்க.”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பேனா கையில் இருந்தது, எழுத்து மட்டும் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று தலைவர் சொன்னார். அண்ணி கூட்டத்துக்கு மேல் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

“ஏங்க, உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?”

அத்தனை தலையும் திரும்பியது. அண்ணன் எழுந்தான். முன் நாற்காலியின் முதுகை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எழுதினதுதாங்க. வேற ஒண்ணும் இல்ல” என்றான். உட்காரப் போனவன் மறுபடி நிமிர்ந்தான். “கடையை அவ நல்லா நடத்துவா.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் சொன்னதைத் தனி வரியில், தனி எண் போட்டு எழுதினேன்.